காற்றைப் படித்தவர்கள்: ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும் தமிழகப் பாய்மரப் படகோட்டமும்

(விஸ்வநத்தத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



படகுப் போட்டியைப் பற்றி, பட்டாசுத் தொழில் நடக்கும் சிவகாசி வட்டாரத்து விஸ்வநத்தத்தில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். தூத்துக்குடித் துறைமுகம் இங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். நம் கண்மாய்களில் ஆண்டு முழுக்கத் தண்ணீர் நிற்பதில்லை. ஆனாலும் இந்த மண்ணுக்கும் கடலுக்கும் உள்ள உறவு பழையது. பக்கத்து வெம்பக்கோட்டையில் 2022-இல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்கள் கிடைத்தன. கடலில் விளைந்த சங்கு வைப்பாற்றங்கரைப் பெண்களின் கையில் ஏறியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. 1985-இல் நம் மாவட்டம் தனியாகப் பிரியும் வரை நாம் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள். தொண்டிக் கடற்கரையும் சிவகாசிக் கரிசலும் ஒரே ஆட்சியருக்கு மனுக் கொடுத்த காலம் இங்குள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

சென்னைத் துறைமுகத்துக்குள் நூறாண்டுகளைக் கடந்து நிற்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பைப் பற்றியும், அந்த நீரில் பயின்ற பிள்ளைகள் வென்றவற்றைப் பற்றியும் இன்று பேசுகிறேன். என் கருத்து ஒன்றுதான். ஒரு விளையாட்டுக் கழகத்தின் பெருமையை அதன் வயதாலோ பெயருக்கு முன்னால் நிற்கும் ‘ராயல்’ என்ற பட்டத்தாலோ அளக்கக் கூடாது. அது யாருக்குக் கற்றுக்கொடுத்தது, அந்தக் கல்வி எவ்வளவு தூரம் பரவியது என்பதே அளவுகோல்.

துறைமுகம் தந்த நீர்

மதராஸுக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளையும் சரக்கையும் மசூலாப் படகுகளில் ஏற்றி, உடைந்து விழும் அலைகளைத் தாண்டிக் கரை சேர்ப்பார்கள். பலகைகளை ஆணியடிக்காமல் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. அலை தூக்கி அடித்தாலும் வளைந்து கொடுக்கும். இந்தக் கரையின் மீனவர்கள் அவற்றை ஓட்டிய திறமையைப் பார்த்து ஐரோப்பியர்கள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

1870-களில் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881-இல் அடித்த புயல் அதைச் சிதைத்தது. மீண்டும் கட்டினார்கள். கிழக்கு நோக்கி இருந்த நுழைவாயில் வழியே அலை உள்ளே புகுந்து தொல்லை கொடுத்தது. 1904-இல் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக வந்த பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாயிலை அடைத்து, வடகிழக்கில் புதிய வாயில் அமைத்தார். 1919 வரை அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார். இன்றைய சென்னைத் துறைமுகத்தின் அடிப்படை வடிவம் அவர் காலத்தில் உருவானது.

அலை அடங்கிய நீர்ப்பரப்பு கிடைத்தது. 1911-இல் அதே ஸ்பிரிங் அங்கே பாய்மரப் படகுக் கழகத்தைத் தொடங்கினார். ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பின் பிறப்பு அதுதான். கழகம் இன்றும் துறைமுக வளாகத்துக்குள்ளேயே இயங்குகிறது. அந்த இடத்துக்கு ஸ்பிரிங்ஹேவன் என்று அவர் பெயரே வழங்குகிறது. சரக்குக் கப்பல்கள் நிற்கும் நீரில், அவற்றின் ஓரமாக, சின்னஞ்சிறு பாய்கள் விரிகின்றன.

இந்த ஸ்பிரிங்கை நம்மில் பலர் வேறு கதையில் சந்தித்திருக்கிறோம். கழகம் தொடங்கிய மறு ஆண்டு, 1912 மார்ச் மாதம், அவருடைய அலுவலகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் ஓர் இளைஞர் எழுத்தராகச் சேர்ந்தார். அவர் சீனிவாச ராமானுஜன். அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். அந்த எழுத்தரின் அருமை அவருக்குப் புரிந்தது. அவர் மூலம் ஸ்பிரிங்குக்கும் புரிந்தது. ஸ்பிரிங் தம் செல்வாக்கை ராமானுஜனுக்காகப் பயன்படுத்தினார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை தந்தது. 1914 மார்ச் 17-ஆம் நாள் ராமானுஜன் ‘நெவாசா’ கப்பலில் ஏறி இங்கிலாந்து புறப்பட்டது இதே துறைமுகத்திலிருந்துதான்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்றைய மதராஸின் கழகங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய அதிகாரிகளும் வணிகர்களும் கூடும் இடங்கள். அந்தக் காலத்திலும், திறமையைக் கண்டவுடன் கதவைத் திறந்துவிட ஒருவரால் முடிந்தது. ஸ்பிரிங் தொடங்கிய கழகத்துக்கு அந்தக் குணம் முழுமையாக வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. வந்து சேர்ந்த பிறகுதான் அதன் வரலாறு நமக்குரியதாயிற்று.

கோப்பைகளின் உலகம்

உலகின் மிகப் பழைய படகுக் கழகமாகக் கருதப்படுவது அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் 1720-இல் தோன்றியது. பம்பாயில் ராயல் பாம்பே யாட் கிளப் 1846-இல் பிறந்தது. 1851-இல் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் ‘அமெரிக்கா’ என்ற படகு வென்ற கோப்பைதான் இன்று அமெரிக்கக் கோப்பை எனப்படுகிறது. நியூயார்க் கழகம் அதை 132 ஆண்டுகள் கைவிடாமல் வைத்திருந்து, 1983-இல் ஆஸ்திரேலியரிடம் இழந்தது.

அந்தக் கோப்பைக்காக ஐந்து முறை போராடித் தோற்றவர் தாமஸ் லிப்டன். 1899 முதல் 1930 வரை, ஒவ்வொரு முறையும் ‘ஷாம்ராக்’ என்ற பெயரிலேயே புதுப்படகு கட்டிக்கொண்டு வந்தார். மளிகைக் கடையிலும் தேயிலையிலும் பொருள் சேர்த்தவர் என்பதால் இங்கிலாந்தின் உயர்குடிக் கழகம் அவரை நெடுநாள் உறுப்பினராக ஏற்கவில்லை. அவர் இறந்த 1931-இல்தான் ஏற்றது.

லிப்டன் பட்ட அவமதிப்பை வரலாறு எழுதி வைத்தது. அவருடைய தேயிலையைக் கிள்ளிய கைகளை அந்த வரலாறு எழுதவில்லை. 1890-இல் அவர் இலங்கையில் தோட்டங்களை வாங்கினார். ஹப்புத்தளைக்கு அருகில் உள்ள தம்பேதன்னை அவற்றுள் ஒன்று. இலங்கை மலையகத் தோட்டங்களில் உழைத்தவர்கள் ராமநாதபுரம், மதுரை, திருச்சிச் சீமைகளிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போன தமிழர்கள். ஷாம்ராக்கின் வெள்ளைப் பாயில் நம் சீமைக்காரர்களின் வியர்வையும் இருந்தது. பந்தயக் கடலுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னால் இதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

பந்தயம் நடக்கும் விதம்

இந்த விளையாட்டை நேரில் பார்க்காதவர்களுக்காக அதன் நுட்பத்தைச் சற்று விளக்குகிறேன். பாய்மரப் படகு காற்று வரும் திசைக்கு நேராகப் போக முடியாது. ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் ஒரு பக்கம் ஓடி, பிறகு திரும்பி மறுபக்கம் ஓடி, கோணல் மாணலாகத்தான் காற்றை எதிர்த்து ஏற வேண்டும். எங்கே திரும்புவது என்பதில்தான் பந்தயமே இருக்கிறது. நீரின் மேல் கருமை படர்ந்தால் அங்கே காற்று இறங்குகிறது என்று பொருள். காலையில் கரைக்காற்று, பிற்பகலில் கடற்காற்று, பருவத்துக்கு ஏற்ப வாடை, கொண்டல், கச்சான் என்று நம் மீனவர்கள் பெயர் வைத்து அறிந்ததையெல்லாம் பந்தயக்காரர் ஒவ்வொரு நொடியும் படித்துக்கொண்டே ஓட்ட வேண்டும்.

தொடக்கமும் விந்தையானது. ஓட்டப் பந்தயம் போல நின்ற இடத்திலிருந்து புறப்பட முடியாது, ஏனென்றால் படகு நிற்காது. தொடக்கத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு கொடி ஏறும், நான்கு நிமிடம் இருக்கும்போது இன்னொன்று. ஒரு நிமிடம் இருக்கும்போது இரண்டாம் கொடி இறங்கும். கடைசியில் முதல் கொடியும் இறங்கும்போது பந்தயம் தொடங்கிவிடும். ஒவ்வொரு கொடிக்கும் ஓசையும் எழுப்புவார்கள். ஆனால் விதிப்படி கணக்கில் வருவது கொடிதான், ஓசை இல்லை. காரணம் விஸ்வநத்தத்தில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். வானத்தில் வெடிக்கும் பட்டாசின் ஒளி முன்னே வரும், சத்தம் பின்னால் வரும். தொலைவில் நிற்கும் படகுக்குச் சத்தம் தாமதமாகச் சேர்ந்தால் அநீதி ஆகிவிடும்.

முதலில் வந்தவருக்கு ஒரு புள்ளி, இரண்டாவதாக வந்தவருக்கு இரண்டு. பல நாள்களில் பல சுற்றுகள் ஓடி, குறைந்த புள்ளி பெற்றவர் வெல்வார். ஒரு நாள் பாய்ச்சலுக்கு இங்கே மதிப்பில்லை, நின்று நிதானமாக ஓட்டுபவருக்கே வெற்றி. தவறு செய்த படகு, யாரும் விசில் ஊதும் முன்பே, தானாக விலகி இரண்டு முழுச் சுற்றுச் சுற்றித் தண்டனையை ஏற்றுக்கொள்ளலாம். இந்த விளையாட்டின் முதல் நடுவர் ஓட்டுபவரின் மனச்சாட்சி.

விதிப் புத்தகத்தின் முதல் விதி வெற்றியைப் பற்றிப் பேசுவதில்லை. ஆபத்தில் இருக்கும் எவருக்கும் இயன்ற எல்லா உதவியையும் செய்ய வேண்டும் என்கிறது. 1988 சியோல் ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் பூசானில் நடந்தன. இரண்டாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்த கனடா வீரர் லாரன்ஸ் லெமியூ, வேறொரு பந்தயத்தில் படகு கவிழ்ந்து தத்தளித்த சிங்கப்பூர் வீரர்களைக் கண்டார். உடனே பந்தயத்தை விட்டு அவர்களை மீட்கப் போனார். அந்தச் சுற்றில் அவர் பின்தங்கி 22-ஆவதாக வந்தார். நடுவர் குழு அவருக்கு இரண்டாம் இடத்தையே திரும்ப வழங்கியது. ஒலிம்பிக் இயக்கம் அவரைத் தனியாகக் கௌரவித்தது. பட்டாசு ஆலை விபத்தில் உறவுகளை இழந்த குடும்பங்கள் இந்த அவையில் இருக்கின்றன. உயிர் முதலில், உற்பத்தியும் வெற்றியும் பிறகு என்ற விதியின் மதிப்பு உங்களைவிட யாருக்குத் தெரியும்?

இன்னொரு தொடர்பையும் சொல்ல வேண்டும். கடலில் ஆபத்து நேரும்போது உதவி கேட்பதும் வாணத்தால்தான். கப்பலில் வைத்திருக்கும் பாரசூட் வாணம் குறைந்தது 300 மீட்டர் உயரம் ஏறி, 40 நொடிகளுக்குக் குறையாமல் செந்நிறமாக எரிந்து மெல்ல இறங்க வேண்டும் என்பது சர்வதேச விதி. கையில் பிடிக்கும் சுடர் ஒரு நிமிடமாவது எரிய வேண்டும். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம் என்பதை இந்த ஊரில் நான் விளக்கத் தேவையில்லை. உங்கள் தொழிலின் அறிவு கடலில் உயிர் காக்கும் அறிவும்கூட.

பிள்ளைகள் வந்த பிறகு

இந்தியப் பாய்மரப் படகோட்டத்தை நெடுங்காலம் தாங்கியவர்கள் படைவீரர்களும் பம்பாய்க்காரர்களும். 1982 ஆசிய விளையாட்டில் ஃபயர்பால் படகு வகையில் ஃபரோக் தாராபோரும் ஜரீர் கராஞ்சியாவும் தங்கம் வென்றார்கள். சென்னையின் முறை வந்தது பிள்ளைகளால்.

இதில் ஒரு சிறிய படகுக்குப் பெரும் பங்கு உண்டு. 1947-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர், எளிய குடும்பத்துப் பிள்ளைகளும் ஓட்டும்படி, ஒட்டுப்பலகையில் மலிவாகச் செய்யத்தக்க படகொன்றை வடிவமைத்தார். அதுவே ஆப்டிமிஸ்ட். நீளம் 2.3 மீட்டர், எடை 35 கிலோ, ஒரே ஒரு பாய். பதினைந்து வயது வரை ஒரு பிள்ளை தனியாக ஓட்டலாம். உலகின் தலைசிறந்த வீரர்களில் பலர் இந்தச் சிறு படகில் தொடங்கியவர்கள்.

ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும் தமிழ்நாடு பாய்மரப் படகோட்டச் சங்கமும் சேர்ந்து சென்னைக் கடலில் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரத் தொடங்கியதுதான் திருப்புமுனை. கோடை விடுமுறையில் முகாம்கள் நடந்தன. படகை நீரில் இறக்கவும், கவிழ்ந்தால் பதறாமல் நிமிர்த்தி ஏறவும், கயிற்றில் முடிச்சுப் போடவும் பிள்ளைகள் கற்றார்கள். உறுப்பினர்களின் பொழுதுபோக்கு இடம் பள்ளிக்கூடமாக மாறியது.

பலன் வந்தது. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் ட்வென்டிநைனர் வகையில் சென்னைப் பெண்கள் வர்ஷா கவுதமும் ஐஸ்வர்யா நெடுஞ்செழியனும் வெண்கலம் வென்றார்கள். 2018 ஆசிய விளையாட்டில் வர்ஷா, மும்பையின் ஸ்வேதா ஷெர்வேகருடன் சேர்ந்து வெள்ளி வென்றார். அதே போட்டியில் சென்னையின் கே.சி. கணபதியும் வருண் தக்கரும் ஃபார்ட்டிநைனர் வகையில் வெண்கலம் பெற்றார்கள். அந்தப் படகில் இருவரும் கம்பியில் தொங்கி, கால்களைப் படகின் விளிம்பில் ஊன்றி, உடல் முழுவதையும் நீருக்கு மேலே நீட்டிச் சமநிலை பிடிக்க வேண்டும். சிறு வயது முதல் சேர்ந்தே ஓட்டிப் பழகிய இருவருக்கு அந்த ஒத்திசைவு கைவந்தது.

நேத்ரா குமணன் சென்னையில் நடந்த கோடை முகாமில் பன்னிரண்டு வயதில் படகேறியவர். 2020 ஜனவரியில் மியாமியில் நடந்த உலகக் கோப்பைத் தொடரில் லேசர் ரேடியல் வகையில் வெண்கலம் வென்றார். படகோட்ட உலகக் கோப்பையில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. 2021 ஏப்ரலில் ஓமானின் முசன்னாவில் நடந்த தகுதிச் சுற்றில், ஒலிம்பிக் படகோட்டத்துக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணும் ஆனார். அதே தகுதிச் சுற்றில் கணபதி–வருண் இணையும், வேலூரில் பிறந்து ராணுவத்தில் பணியாற்றும் விஷ்ணு சரவணனும் தகுதி பெற்றார்கள்.

அதுவரை எந்த ஒலிம்பிக்கிலும் இந்தியா ஒரு படகோட்டப் பிரிவுக்கு மேல் ஆள் அனுப்பியதில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் மூன்று பிரிவுகளில் நால்வர் இறங்கினார்கள். நால்வரும் தமிழ்நாட்டோடு தொடர்புடையவர்கள். கணபதியும் வருணும் 17-ஆம் இடம், விஷ்ணு 20-ஆம் இடம், நேத்ரா 35-ஆம் இடம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் மார்செய் நகரில் நடந்தன. அங்கே நேத்ரா 21-ஆம் இடத்துக்கும் விஷ்ணு 18-ஆம் இடத்துக்கும் முன்னேறினார்கள். இடையே 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் விஷ்ணு வெண்கலமும் வென்றிருந்தார்.

ஒலிம்பிக் பதக்கம் இன்னும் வரவில்லை. 35-இலிருந்து 21-க்கு வந்த நேத்ராவின் ஏற்றத்தைப் பதக்கம் இல்லை என்பதற்காகச் சிறியதென்று சொல்ல எனக்கு மனம் வராது. தலைமுறை தலைமுறையாகப் படகில் வளர்ந்த நாட்டினரோடு போட்டியிட்டு ஏறிய ஏற்றம் அது.

கதவு இன்னும் அகல வேண்டும்

பாராட்டோடு நின்றுவிட நான் விரும்பவில்லை. பந்தயப் படகும் பாயும் விலை கூடியவை, பல வெளிநாட்டிலிருந்து வருபவை. வெளிநாட்டுப் பயிற்சிக்கும் பயணத்துக்கும் செலவு அதிகம். அதனால் இந்த விளையாட்டு இன்னும் வசதியுள்ள நகரக் குடும்பங்களின் பக்கமே சாய்ந்திருக்கிறது.

தொண்டி வட்டாரக் கடலோர ஊர்களில் கோயில் திருவிழாவை ஒட்டி மீனவர்கள் பாய்மரப் படகுப் போட்டி நடத்துகிறார்கள். பாக் நீரிணைப் படகுகளில் குறுக்கே நீட்டிய பலகையில் ஆள் ஏறி அமர்ந்து, காற்றின் வேகத்துக்கு ஏற்ப வெளியே நகர்ந்து சமநிலை பிடிக்கும் முறை பழையது. சென்னை மாகாண மீன்வளத் துறையின் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தப் பலகையை விரிவாக எழுதியிருக்கிறார். கணபதியும் வருணும் கம்பியில் தொங்கிச் செய்யும் வேலையை அந்த மீனவர் பலகையில் அமர்ந்து செய்தார். அந்த அறிவோடு பிறக்கும் பிள்ளைக்குப் பந்தயப் படகும் விதிப் புத்தகமும் கையில் கிடைத்தால் அவர் எவ்வளவு தூரம் போவார்! ராமநாதபுரம் மாவட்டம் பிரப்பன்வலசையில் ஒலிம்பிக் நீர் விளையாட்டு அகாடமி அமைக்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்திருக்கிறது. அங்கே முதல் வரிசையில் மீனவப் பிள்ளைகள் நிற்க வேண்டும்.

கடல் இல்லாத ஊர்ப் பிள்ளைக்கு இது எட்டுமா? எட்டும் என்பதற்கு மத்தியப் பிரதேசம் சாட்சி. கடலே இல்லாத மாநிலம் அது. போபாலின் பெரிய ஏரியில் படகோட்டப் பள்ளி நடத்துகிறார்கள். அங்கே பயின்ற ஹர்ஷிதா தோமர் 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றார். தேவாஸ் மாவட்டத்து விவசாயியின் மகள் நேகா தாக்கூர் ஹாங்சோவில் வெள்ளி வென்றார். ஹைதராபாத்தின் உசேன் சாகர் ஏரியிலும் ஆண்டுதோறும் தேசிய அளவில் பந்தயங்கள் நடக்கின்றன. கடல் உள்ள தமிழ்நாட்டில் ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கும் இது ஏன் வாய்க்கக் கூடாது?

தொழிலைத் தேடிப்போய்க் கற்று வந்த ஊர் சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். நம் ஊரில் பிறந்த தொழில் இல்லையே என்று அவர்கள் தயங்கவில்லை. கற்றவர்களுக்கே கலை சொந்தம் என்பதை இந்த வட்டாரம் உலகத்துக்குக் காட்டியது. சென்னைப் பிள்ளைகள் ஆங்கிலேயர் தொடங்கிய துறையில் இறங்கிக் காட்டியதும் அதையே.

ஆகவே உங்களிடம் சில கோரிக்கைகள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, நீச்சல் கற்றுக்கொடுங்கள். கிணற்றிலோ கண்மாயிலோ தெரிந்தவர் துணையோடு கற்கட்டும். நீருக்கு அஞ்சாத பிள்ளைதான் படகேற முடியும். ஆசிரியர்களே, கோடைக்காலப் பயிற்சி முகாம்களைப் பற்றி விசாரித்து, ஆர்வமுள்ள பிள்ளைகளை அனுப்பி வையுங்கள். தொழிலதிபர்களே, பள்ளியும் கல்லூரியும் கட்டிய கைகள் உங்களுடையவை. ஆண்டுக்கு ஓரிரு பிள்ளைகளின் பயிற்சிச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். ராயல் மெட்ராஸ் யாட் கிளப்புக்கும் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. உங்கள் துறையில் மீனவக் குப்பத்துப் பிள்ளைக்கும் கரிசல் காட்டுப் பிள்ளைக்கும் ஒவ்வோர் ஆண்டும் நிரந்தரமாக இடம் ஒதுக்குங்கள்.

1911-இல் தொடங்கிய கழகம் தமிழ்நாட்டுக்கு ஒலிம்பிக் வீரர்களைத் தந்திருக்கிறது. அடுத்த வீரர் விருதுநகர் மாவட்டத்திலிருந்து புறப்பட வேண்டும். அதற்கான ஏற்பாட்டை இந்த அறக்கட்டளையே தொடங்கி வைக்கும்படி கேட்டு அமைகிறேன்.